அதே ஈற்றில் வேறு குட்டி தருகிறாராம்!

கேள்வி: இரண்டு வாரத்துக்கு முன் 8,000 ரூபாய் கொடுத்து ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கினோம். அப்போது அதற்கு 35 நாள். விலா எலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருக்கிறது. அடிக்கடி பேதி. ஒருநாள் வாந்தியில் நூல்நூலாகப் புழு வந்தது. விற்றவர், 'ஒரு மாசத்துக்குள்ள கொண்டு வாங்க, அதே ஈத்துல வேற குட்டி தர்றேன்' என்கிறார். கணவரும் பக்கத்து வீட்டாரும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். மகள் அழுகிறாள். மாமனார்தான் ராத்திரி எழுந்து எழுந்து கஞ்சி ஊட்டுகிறார். வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கணவரைக் கேட்டீர்கள், விற்றவரைக் கேட்டீர்கள், பக்கத்து வீட்டையும் விடவில்லை. இப்போது எனக்குக் கடிதம். ராத்திரி தூக்கம் கெட்டுக் கஞ்சி ஊட்டுகிற மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? எது வயிற்றில் தங்கியது, எது வாந்தியாக வந்தது, பேதி எத்தனை தடவை என்பதெல்லாம் உங்கள் வீட்டில் அவருக்குத்தான் தெரியும். பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க, அவரை விட்டுவிட்டு நாய் விற்றவரிடம் யோசனை கேட்கிற குடும்பம் எனக்குப் பிடிக்காது. பழைய காலத்து ஆள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு வாரமாகியும் டாக்டர் என்ற பேச்சே உங்கள் கடிதத்தில் இல்லை! புழுவைக் கண்ணால் பார்த்த பிறகுமா? நாய்க்குட்டிக்கு உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே வந்துவிடும், தாய்ப்பாலிலும் வரும். அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்கச் சொல்வார்கள். விற்றவர் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. அப்படியிருக்க, அதே ஈற்றில் இன்னொரு குட்டி எதற்கு? அதற்கும் தாய் அதேதானே? அதோடு, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. உங்களுக்கு ஐந்து வாரத்தில் தள்ளிவிட்டார். திருப்பிக் கொடுத்தால் உட்கார்ந்து வைத்தியம் பார்ப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

திருப்பிக் கொடுக்காதீர்கள். திருமங்கலம் அரசு கால்நடை மருத்துவமனைக்கு நாளைக் காலையிலேயே போங்கள். அங்கே முடியாதென்றால் மதுரை தல்லாகுளத்தில் கால்நடைப் பன்முக மருத்துவமனை இருக்கிறது. ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கொக்கிப்புழுவும் உண்ணியும் ரத்தத்தைக் குடித்துவிடும். பூச்சி மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், நீங்களாகக் கடையில் வாங்கி ஊற்றாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற பேதி நோய்க்குத் தடுப்பூசி போடும் வயதும் வந்துவிட்டது. இந்த உடம்புக்கு எப்போது போடலாம் என்று டாக்டரே சொல்வார். பசும்பால் கொடுத்துக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பாதிப் பேதிக்கு அதுகூடக் காரணமாக இருக்கும். மகள் குட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அந்தப் புழு பிள்ளைகளுக்கும் ஆகாது. குட்டி கழிந்ததை உடனுக்குடன் அள்ளிவிடுங்கள்.

டாக்டர் பார்த்துவிட்டு, பிழைக்காது என்று சொன்னாலும் சரி, அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டு வந்தது நீங்கள். விற்றவரிடம் மருத்துவச் செலவைக் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும்.