14 இடம், 11 பேர், ஒரு வேன்

கேள்வி: மே லீவுக்குக் கொடைக்கானல் போகிறோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக 11 பேர், ஒரு வேன். வெள்ளிக்கிழமை ராத்திரி புறப்பட்டு ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பார்க்க 14 இடம் குறித்து வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு முட்டு வலி உண்டு, அவர்களும் வருகிறார்கள். எந்த வரிசையில் போனால் எல்லாவற்றையும் முடிக்கலாம்?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எந்த வரிசையில் போனாலும் முடியாது. தாலுகா ஆபீஸ் வேலை மாதிரி "முடிக்கலாமா" என்று கேட்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். மார்த்தாண்டத்திலிருந்து கொடைக்கானல் 350 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிய டிரைவர் விடியும் நேரத்தில், தூக்கக் கண்ணோடு, வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை ஏற வேண்டும். வளைவுக்கு வளைவு பிள்ளைகளுக்குச் சத்தி வரும். எல்லாம் தாண்டி காலை ஆறு மணிக்குப் போய் நின்றால் ரூம் கிடைக்காது, பெரும்பாலும் பன்னிரண்டு மணிக்குத்தான் சாவி தருவார்கள். நானும் ஒரு காலத்தில் இதே மாதிரி ஒன்பது பேரோடு போய் ஒரு லாட்ஜ் வாசலில் குளிரில் நின்றவன்தான். ஒரு டீக்கடைக்காரர் இரக்கப்பட்டுப் பின்கட்டில் ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கொடுத்தார். இன்றைக்கும் கொடைக்கானல் என்றால் என் மனைவி ஏரியைப் பற்றிப் பேசுவதில்லை, அந்த வாளியைப் பற்றித்தான் பேசுகிறாள்.

அப்புறம் ஞாயிறு ராத்திரி வீடு சேர வேண்டுமென்றால் மதியத்துக்கு முன்பே மலை இறங்க வேண்டும். ஆக மிச்சம் இருப்பது ஒன்றே கால் நாள். அதில் 14 இடம்!

உங்கள் பட்டியலில் தூண் பாறைக்கு 15 நிமிடம் போட்டிருக்கிறீர்கள். சுமார் 400 அடி உயரமுள்ள பாறைதான், ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது, கம்பி வேலியும் எதிரே வெள்ளையும்தான். பொறுமையாக நின்றால் திடீரென்று திரை விலகின மாதிரி ஒரு பாறை தெரியும், அப்புறம் அடுத்தது, சோளம் தின்றுகொண்டிருக்கிற பிள்ளை கத்தும், மறுபடி மூடிக்கொள்ளும். இதற்கு அரை மணியும் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம். நீங்கள் பதினைந்தாவது நிமிடத்தில் "ஏறு ஏறு, வண்டியில ஏறு" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

நம் கன்னியாகுமரிப் பக்கம் வருகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே. காலையில் சூரிய உதயம், படகுக்கு வரிசை, சுசீந்திரம், அப்படியே திங்கட்கிழமை என்றுகூடப் பார்க்காமல் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஓடிப்போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். அதே ஆட்டத்தைத்தான் நீங்கள் மலையில் ஆடப்போகிறீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? உண்மையிலேயே இரண்டு நாள்தான் லீவு என்றால் கொடைக்கானலை விடுங்கள். உங்களுக்குக் கேரளத்துப் பொன்முடி மலை நூறு கிலோமீட்டருக்குள்தான், 22 கொண்டை ஊசி வளைவு, காலையில் போய் ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடலாம். மழை பலமென்றால் மேலே விடமாட்டார்கள், அதை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கொடைக்கானல்தான் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், திங்கள் முதல் வியாழன் வரை வையுங்கள், பகலில் ஏறுங்கள். 2024 மே 7 முதல் மலை ஏறுகிற வண்டிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, கட்டாயம். 2025 சீசனில் வார நாளுக்கு 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அந்தக் கூடுதல் 2,000 வண்டியும் அதே குறுகலான ரோட்டில்தான் நிற்கும். பாஸுக்குக் காசு கிடையாது, யாராவது கமிஷன் கேட்டால் கொடுக்காதீர்கள். வண்டி நம்பர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதனால் வேன்காரர் கடைசி நேரத்தில் "அந்த வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்குது, வேற அனுப்புறேன்" என்றால் அங்கேயே புதிதாக எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தப் பாடே இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை, எவர்சில்வர் பாட்டில் போதும். மேயிலும் ராத்திரி ஸ்வெட்டர் வேண்டும்.

இனி அம்மா விஷயம். கேள்வியில் கடைசியாகத்தான் அவர்களை எழுதியிருக்கிறீர்கள், வேனிலும் கடைசி சீட்டுதானா? முட்டு வலிக்காரர்களை முன் சீட்டில், கால் நீட்ட இடம் விட்டு உட்காரவையுங்கள். ரூம் தரைத்தளத்தில் கேளுங்கள், வெந்நீர் எத்தனை மணி வரை வரும் என்றும் கேளுங்கள். படி இறங்குகிற இடங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 1863-இல் வெட்டிய ஏரி, சுற்றிலும் ஐந்து கிலோமீட்டருக்கு மேடு பள்ளமில்லாத ரோடு. பிள்ளைகள் சைக்கிளில் சுற்றி வருகிற வரை அம்மா கரையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, நீங்கள் மார்த்தாண்டத்திலிருந்து கொண்டுபோன ஏத்தங்காய் சிப்ஸைக் கொறித்தபடி உட்கார்ந்திருக்கட்டும். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். மீதி 13 இடத்தில் எதற்குப் போகலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.