மனசு பச்சை, கையில் பிளாஸ்டிக் பை

பயனீட்டாளர் பழக்கங்களைப் பற்றிப் படிப்பவன் என்பதால் சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா பக்கத்து நண்பர்கள் என்னிடம் கேட்டவை இவை.

கேள்வி: அண்ணே, எங்கள் தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டாலும் சுற்றுச்சூழல் முக்கியம் என்கிறார்கள். மழை பெய்தால் கால்வாயில் மிதப்பதெல்லாம் பிளாஸ்டிக். பொய்யா சொல்கிறார்கள்?

பதில்: பொய் இல்லை, தங்கச்சி. கேட்டால் நல்லதாகச் சொல்வது மனுஷ சுபாவம், அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள அக்கறை உண்மைதான். ஆனால் சமூக உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டின்படி அது மட்டும் போதாது. நம்மைச் சுற்றியிருப்பவர்கள் அதை எதிர்பார்க்கிறார்களா, செய்ய நம்மால் முடியும் என்று தோன்றுகிறதா என்பதும் சேரவேண்டும். விடிவதற்கு முன்னே பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்) போய்வந்த மனுஷன் போத்தலைக் கழுவித் தனியாக வைக்கிறார், அப்புறம் குப்பை லோரி எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் மறுவாரம் கழுவுவாரா?

கேள்வி: கடையில் பிளாஸ்டிக் பைக்கு 20 சென் வாங்குவதால் என்ன ஆகிவிடும்?

பதில்: சிலாங்கூரில் 2010இல் சனிக்கிழமைக்கு மட்டும் இருந்தது, 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாளும். 20 சென் பெரிய காசில்லை, ஆனால் கல்லாவில் “பை வேணுமா?” என்று கேட்கும்போது ஒரு நொடி யோசிக்கிறோமே, பாதி வேலை அங்கேதான் நடக்கிறது என்பது என் கணக்கு. என் கதையையே கேளுங்கள். பகலில் சூப்பர்மார்க்கெட்டுக்குத் துணிப்பையோடு போனேன், அன்று ராத்திரி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கீரைக்கு ஒன்று, மீனுக்கு இரண்டு, அப்பம் பாலிக் பலகாரத்துக்கு ஒன்று, சோயா தண்ணீர் கட்டித் தந்தது ஒன்று, எல்லாவற்றையும் போட ஒரு பெரிய சிவப்புப் பை. ஆறு! அதே ஆள், அதே மனசு. அங்கே யாரும் கேட்கவில்லை.

கேள்வி: காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகலாமே?

பதில்: எந்த பஸ்ஸில்? பஸ் சரியாகக் கிடைக்காத இடத்தில் அக்கறை மட்டும் இருந்து என்ன செய்வது? அக்கறை சுலபமான, செலவில்லாத காரியங்களில்தான் அதிகம் வேலை செய்யும் என்று ஜெர்மன் சமூகவியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

கேள்வி: கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் விளக்கை அணைக்கிறேன். இது கணக்கில் வருமா?

பதில்: தாராளமாக.

கேள்வி: கோயில் அன்னதானத்தில் “பூமியைக் காப்போம்” என்று பலகை வைக்கலாமா?

பதில்: வையுங்கள், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஹோட்டல் ஆய்வில், துவாலையை மறுபடி பயன்படுத்தச் சுற்றுச்சூழலைக் காரணம் காட்டிய அட்டையைவிட, விருந்தினர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்கிறார்கள் என்று சொன்ன அட்டைக்குத்தான் அதிகம் பேர் இணங்கினார்கள், அதிலும் “இதே அறையில் தங்கியவர்கள்” என்றபோது இன்னும் கூடுதல். ஆகவே போன வாரம் எத்தனை வீட்டார் சாப்பாடு வாங்கத் தூக்குச்சட்டி கொண்டுவந்தார்கள் என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை எழுதிப் போடுங்கள். நாலைந்து பேர்தான் என்றால் இப்போதைக்கு எழுதாதீர்கள்; யாருமே கொண்டுவருவதில்லை போல என்று ஆகிவிடும்.