பெயர் இருக்கிறது, வீடுதான் கிடைக்கவில்லை

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் ஒரு லினக்ஸ் கணினியில் கடைக் கணக்குகளை வைத்திருக்கிறேன். புதுச்சேரியில் வேலை பார்க்கும் இடத்திலிருந்து அதை எட்டுவதற்காக டைனமிக் டி.என்.எஸ். (டி.டி.என்.எஸ்.) சேவையில், அதாவது அவ்வப்போது மாறும் வீட்டு இணைய முகவரிக்கு மாறாத பெயர் தரும் சேவையில், ஒரு பெயரைப் பதிவு செய்தேன். முகவரியைக் கையால் இட்டபோது ஒரு வாரம் சரியாக இருந்தது. ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் இணைப்பு அறுந்தது. பிறகு, முகவரி மாறும்போது அதைச் சேவைக்குத் தானாகத் தெரிவிக்கும் டிடிகிளையன்ட் மென்பொருளை நிறுவினேன். அது ‘வெற்றி’ என்றே காட்டுகிறது. பெயரைத் தேடினாலோ 192.168.1.7 என வருகிறது.

பதில்: விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 192.168 என்று தொடங்கும் முகவரி, ரவுட்டர் வீட்டுக்குள் மட்டும் வழங்குவது. அதே எண் திருப்பாதிரிப்புலியூரில் வேறொருவர் வீட்டிலும் இருக்கலாம் என்பதால், வெளியிலிருந்து அதைக் கொண்டு உங்கள் வீட்டை யாரும் அடைய முடியாது. மென்பொருள் கணினியின் நெட்வொர்க் கார்டில் உள்ள எண்ணை எடுத்து அனுப்பியிருக்கிறது. சேவையும் மறுப்பின்றிப் பதிந்துகொண்டிருக்கிறது. ‘வெற்றி’ என்பதற்கு, அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

டிடிகிளையன்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து, முகவரியை எங்கிருந்து அறிவது என்று குறிக்கும் வரியில், கார்டின் பெயருக்குப் பதிலாக, வெளியே உள்ள ஓர் இணையதளத்திடம் கேட்டறியும் முறையைக் குறிப்பிடுங்கள். கணினி துவங்கும்போது ஒரே ஒரு முறை ஓடி நின்றுவிடும்படி அதை வைக்காதீர்கள். மின்சாரம் வந்ததும் கணினி எழுந்துவிடும். ரவுட்டர் இணைப்பைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் நடக்கும் முதல் முயற்சி வீணாகிவிடும். 300 வினாடிக்கு ஒருமுறை சரிபார்க்கும்படி பின்னணியில் ஓடவிடுவதே போதுமானது. முகவரி மாறாதபோது அது பொதுவாகச் சேவைக்கு எதையும் அனுப்பாது. இதற்கெனச் சிலர் சொந்தமாக ஸ்கிரிப்ட் என்னும் சிறு நிரல் எழுதி நிமிடத்திற்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். காரணமின்றி அனுப்பிக்கொண்டே இருந்தால் சில சேவைகள் கணக்கை முடக்கிவிடும்.

அதன் பின்னும் கிடைக்காவிட்டால், பிரவுசரில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் காணும் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அப்போது எந்த டி.டி.என்.எஸ். மென்பொருளாலும் பயனில்லை, நிலையான முகவரியைக் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறுவதே நேர்வழி. உங்களுக்கு முதல் வாரம் இணைப்பு கிடைத்ததால் இப்படி இருக்க வாய்ப்பு குறைவு. ஆயினும் பார்த்துவிடுவது நல்லது.

நோ-ஐபி போன்ற சேவையின் இலவசப் பெயராக இருந்தால், 30 நாளுக்கு ஒருமுறை அதை உறுதிசெய்யக் கேட்டு மின்னஞ்சல் வரும். தவறவிட்டால் பெயரே போய்விடும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானாகவே துவங்கும்படி பயாஸில், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளில், ஓர் அமைப்பு உண்டு. அதையும் இயக்கி வையுங்கள், இல்லையேல் முகவரி சரியாக இருந்தும் பதில் சொல்ல ஆள் இருக்காது.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையை நம்பாதீர்கள். உள்ளிருந்தே தன் வெளி முகவரிக்குத் திரும்பி வரும் இணைப்பைப் பல ரவுட்டர்கள் ஏற்பதில்லை. கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள்.