அப்பாவுக்கு மூளைச் சிறு இரத்தக்குழாய் நோயாம், முழங்கால் நன்றாக இருந்தும் நடை ஏன் தடுமாறுகிறது?

கேள்வி சுருக்கமாக: ரங்கூன் டவுனில் மூன்றாம் மாடியில் இருக்கும் 74 வயது அப்பா காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், திரும்பும்போது தள்ளாடுகிறார். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இந்த நோயின் பெயர் இருக்கிறது. வயதானால் இப்படித்தானா?

வயதின் மேல் மட்டும் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். மூளையின் ஆழத்துக்குப் போகும் இரத்தக்குழாய்கள் தலைமயிர் கனத்துக்குத்தான் இருக்கும். பல வருட பிரஷரும் சர்க்கரையும் அவற்றின் சுவரைத் தடிக்க வைத்து, உள்வழியைக் குறுக்கிவிடும். கால்களை இயக்கும் நரம்பிழைகளில் பல, மூளை நடுவிலுள்ள நீர் அறைகளை ஒட்டி இறங்குகின்றன. இரத்தம் குறைந்தால் முதலில் வாடுவது அந்த இடம். அதனால்தான் கை நன்றாக வீசும், கால் மட்டும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும். பார்க்கின்சன் நோயில் பெரும்பாலும் கைவீச்சும் குறையும், கை நடுக்கமும் வரும்.

ரிப்போர்ட்டில் ஃபசேகஸ் என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். இரத்தம் குறைந்து மூளையில் விழுந்த வெண்திட்டுகள் எவ்வளவு என்று சொல்லும் அளவு அது, 0 முதல் 3 வரை போகும். எழுபது வயதுக்கு மேல் 1 இருப்பது சகஜம். 2, 3 என்றால் நடைக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் வைட்டமின் பி12 குறைவோ மூளையில் நீர் கோத்திருப்பதோ காரணம் இல்லை என்று டாக்டர் பார்த்து உறுதி செய்துவிட்டாரா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுபவர் என்றால் பி12 பரிசோதனையை விடவே கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து கூடுதல். நடக்கும்போதே பேச்சுக் கொடுங்கள். பதில் சொல்ல நின்றுவிட்டால், நடப்பதற்கே மூளை முழுக் கவனத்தைச் செலவழிக்கிறது என்று பொருள். இதைத் தெரிந்துகொள்வது மிக முக்கியம்: படியிலும் தெருவைக் கடக்கும்போதும் அவரோடு பேசாதீர்கள், கையில் பையும் கொடுக்காதீர்கள். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும்.

பிரஷர்தான் நம் கையில் இருக்கும் பெரிய பிடி. 2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் அளவை 120-க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு மூளையின் வெண்திட்டுகள், 140-க்குக் கீழ் போதும் என்று விட்டவர்களைவிட மெதுவாகவே பெருகின. ஆனால் அவசரப்பட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டக் கூடாது. 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற 1, 3-ஆம் நிமிடங்களில் மறுபடி அளவெடுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் எழும்போதே விழும் ஆபத்து உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூனுக்குள். நாப்பியிலும் (பர்மிய மீன் விழுது) மீன்சாறிலும் உள்ள உப்பும் இந்தக் கணக்கில்தான். பக்கவாதமோ இதயநோயோ வராதவருக்கு மருந்துக்கடையில் ஆஸ்பிரின் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த நோயில் மூளைக்குள் நுண்ணிய கசிவுகளும் இருக்கலாம்.

நின்ற இடத்தில் சுழன்று திரும்பவே கூடாது. நாலைந்து எட்டு வைத்து வளைந்து திரும்பட்டும். கால் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காதீர்கள். நிற்க வைத்து, உடல் பாரத்தை ஒரு காலுக்கு மாற்றச் சொல்லி, மறுகாலால் நீளமாக ஓர் எட்டு வைக்கச் சொல்லுங்கள். தினமும் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, இரண்டும் வேண்டும். மகாபந்துலா பூங்கா மாதிரிச் சமதளமான பாதையில் கூடவே நடங்கள், உடைந்த நடைபாதை வேண்டாம்.

கைலி கணுக்காலைத் தொடாமல் நாலு விரல் உயரத்தில் இருக்கட்டும். வெளியே பின்வார் உள்ள செருப்பு. இந்த நோயில் சிறுநீரும் அவசரமாக வரும். கரண்ட் போன இரவில் கழிப்பறைக்கு ஓடும்போது விழுபவர்கள் அதிகம். சார்ஜ் விளக்கு கட்டிலிலிருந்தே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இந்த நடை மாதக்கணக்கில்தான் மெல்ல மோசமாகும். ஒரே நாளில் ஒரு கால் இழுத்தாலோ வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.