கைதட்டினால் புலி பிழைக்குமா?

கேள்வி: மேடையில் ஒரு பக்கம் வாத்திய இசை. மறு பக்கம் ஓர் ஓவியர், அழிந்துவரும் விலங்குகளை வரைகிறார். கேட்டால் 'விழிப்புணர்வு' என்கிறார்கள். இப்படிப் பாடியும் வரைந்தும் ஒரு பிராணியாவது பிழைத்ததுண்டா? எல்லாம் பம்மாத்துதானா?

பதில்: பிழைத்ததுண்டு. 1970-இல் ராஜர் பெய்ன் என்ற உயிரியலாளர் கூன்முதுகுத் திமிங்கிலங்களின் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டார். 1979-இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அந்தப் பாட்டை மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் பதித்து, ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளுடன் இணைப்பாகக் கொடுத்தது. எண்ணெயும் இறைச்சியுமாக மட்டுமே தெரிந்த பிராணி பாடகராகிவிட்டது. 1982-இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணையம் வணிக வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986-இல் நடைமுறைக்கு வந்தது. பாட்டு மட்டுமே சாதித்தது என்று எழுதினால், படகில் போய் வேட்டைக் கப்பலுக்குக் குறுக்கே நின்றவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் பாட்டைக் கேட்டவர்கள் முன் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது: வேட்டையை நிறுத்து. நிறுத்த அதிகாரமுள்ள ஓர் அமைப்பும் இருந்தது.

நீங்கள் சொல்லும் மேடைகளில் இந்த இரண்டும்தான் இல்லை. ஓவியர் புலியின் கண்ணில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்ததும் அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. பிறகு ஓவியத்தோடு செல்ஃபி. அந்தப் புலி எந்தக் காட்டில் இருக்கிறது, யார் கையெழுத்தில் அதன் நடுவே சாலை போகிறது என்பதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. வரைவதும் எப்போதும் புலி, யானை, பாண்டாதான். தவளைக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் யாரும் தூரிகை எடுப்பதில்லை. அழகில்லாதது அழியலாம் போலிருக்கிறது! இதைவிட வேடிக்கை, காட்டு விளிம்பிலேயே ஒலிபெருக்கி கட்டி, காடு மௌனமாகிறதே என்று விடிய விடியப் பாடுவது.

ஒலியும் காட்சியும் சேரவேண்டிய அவசியம் எங்கே என்று பெர்னி க்ராஸ் என்ற ஒலிப்பதிவாளரைப் பார்த்தால் தெரியும். கலிஃபோர்னியாவில் லிங்கன் மெடோ என்ற இடத்தின் ஒலியை 1988-இல் பதிவு செய்தார். அதன்பின் அங்கே மரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வெட்டினார்கள். மறு வருடம் அதே பருவத்தில் போனார். புகைப்படத்தில் காடு அப்படியே இருந்தது. பதிவில் பறவைக் கூட்டத்தின் குரலைக் காணோம். படத்தை மட்டும் பார்த்தவன் ஏமாந்திருப்பான். 2016-இல் பாரிஸின் கார்ட்டியே அறக்கட்டளை என்ற கலைக்கூடத்தில் அவருடைய பதிவுகள் ஒலிக்க ஒலிக்க, அந்தக் குரல்கள் திரையில் ஒளிக்கோடுகளாக ஓடின. எந்த உயிர் எப்போது பாடுகிறது என்று கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இது அலங்காரம் இல்லை, சாட்சியம்.

அடுத்த முறை அழைப்பிதழ் வந்தால், நுழைவுச்சீட்டுப் பணம் எங்கே போகிறது, யாரிடம் என்ன கேட்கப்போகிறீர்கள் என்று அமைப்பாளர்களைக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் முன்வரிசையில் உட்காருங்கள். வராவிட்டாலும் போகலாம், இசை நன்றாக இருந்தால். உண்டியலில் மட்டும் எதுவும் போடாதீர்கள்.