ஜெபல் அலியில் வேலை, வீடு எங்கே பார்ப்பது?

கேள்வி:

வணக்கம் ஐயா. சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். துபாய் ஜெபல் அலி ஃப்ரீ ஜோனில் 8,500 திர்ஹம் சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டு வாடகை அதிலேயே அடக்கம். முதலில் நான் மட்டும் போகிறேன், மூன்று மாதம் கழித்து மனைவியும் ஆறு வயது மகளும் வருவார்கள். ஷார்ஜாவில் இருக்கும் மாமா, "இங்கேயே வந்துடு, வாடகை கம்மி" என்கிறார். இன்னொரு பக்கம் ஒரு ஏஜென்ட், இன்டர்நேஷனல் சிட்டியில் ஸ்டுடியோ வீடு, வருடத்துக்கு 42,000 திர்ஹம் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, 2,000 திர்ஹம் டோக்கன் கேட்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், அந்த டோக்கன் பணத்தை அனுப்பாதீர்கள். பாலக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு துபாய் வீட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அங்கே வாடகையைப் பெரும்பாலும் பின்தேதியிட்ட (போஸ்ட்-டேட்டட்) காசோலைகளாகத்தான் கேட்பார்கள். காசோலைப் புத்தகம் வேண்டுமானால் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கு எமிரேட்ஸ் ஐடி என்ற அந்நாட்டு அடையாள அட்டை கையில் வர வேண்டும். ஆகவே போய் இறங்கிச் சில வாரங்கள் வரை உங்களால் முறைப்படி ஒப்பந்தம் போடவே முடியாது. அந்த நாட்களுக்குத் தங்குமிடம் தர முடியுமா என்று கம்பெனியிடம் இப்போதே கேளுங்கள்.

ஷார்ஜா யோசனையைப் பற்றி உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். பெங்களூர் வாடகைக்குப் பயந்து ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் மாநில எல்லையான அத்திப்பள்ளியில் நெரிசலில் எப்படி நிற்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். ஷார்ஜா–துபாய் எல்லையும் அதே கதைதான். ஆனால் ஜெபல் அலி இருப்பது துபாயின் மறுகோடியில். எல்லை தாண்டியதும் பயணம் முடியாது, அங்கிருந்து முழு நகரத்தையும் கடக்க வேண்டும். ஷார்ஜாவுக்கு மெட்ரோவும் இல்லை. மாமா வேலை செய்யும் இடம் துபாயில் ஷார்ஜாவுக்குப் பக்கமான தேராவிலோ குசைஸிலோ இருந்தால் அவருக்கு அந்த வீடு சரி. உங்களுக்குச் சரிப்படாது. ஒரு எச்சரிக்கை: அல் நஹ்தா என்ற பெயரில் துபாயிலும் ஒரு பகுதி உண்டு, அதை ஒட்டி ஷார்ஜாவிலும் ஒன்று உண்டு. விளம்பரத்தில் எந்த எமிரேட் (துபாயா, ஷார்ஜாவா) என்று பார்க்காமல் போன் போடாதீர்கள்.

இன்டர்நேஷனல் சிட்டியில் இன்னும் மெட்ரோ வரவில்லை. அதற்கான புளூ லைன் வேலை இப்போதுதான் நடக்கிறது. பஸ் பிடித்து ராஷிதியா பக்கம் உள்ள சென்டர்பாயின்ட் ஸ்டேஷனுக்கு வந்து, மெட்ரோவின் ரெட் லைனில் ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போக வேண்டும். ரயிலில் மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல். காற்று திரும்பும் நாட்களில் அருகிலுள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் வாடையும் சில பிளாக்குகளுக்கு வரும். 42,000 மலிவாகத் தெரிவதற்குக் காரணங்கள் இவை.

கம்பெனியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஃப்ரீ ஜோனில் எந்த கேட், ஷேக் சாயித் சாலைக்கு எந்தப் பக்கம்? கம்பெனி பஸ் உண்டா, அது எங்கெங்கே நிற்கும்? ஜெபல் அலி ஃப்ரீ ஜோன் அந்தச் சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கிறது. மெட்ரோவில் இறங்கினால் அலுவலகம் வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. கம்பெனி பஸ் நிற்கும் இடங்களைச் சுற்றித்தான் உங்கள் தேடல் தொடங்க வேண்டும். பஸ் இல்லையென்றால் டிஸ்கவரி கார்டன்ஸ், துபாய் இன்வெஸ்ட்மென்ட் பார்க் இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் ரெட் லைனின் எக்ஸ்போ கிளையில் ஸ்டேஷன் உண்டு. வாடகை சற்றுக் கூடுதலாகச் சொல்வார்கள். தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமாகும் என்றால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் தூரத்தை ஆகஸ்ட் மாத வெயிலை வைத்துக் கணக்கிடுங்கள். மேப்பில் 12 நிமிடம் என்று காட்டுவது ஒரு குழந்தையோடு 45 டிகிரியில் நடக்கும் 12 நிமிடம்.

இனி பணக் கணக்கு. நம் பக்கம் போல போக்கியம் கிடையாது, பெங்களூர் போலப் பத்து மாத அட்வான்ஸும் கிடையாது. ஆனாலும் முதல் நாள் பெரிய தொகை போகும். அதே 42,000-ஐ உதாரணமாக வைத்து, வருட வாடகையை நான்கு செக்காகக் கொடுப்பது என்று பேசியிருந்தால்: முதல் செக் 10,500. டெபாசிட் வழக்கமாக 5 சதவீதம், அதாவது 2,100 (ஃபர்னிச்சரோடு என்றால் 10 சதவீதம்). ஏஜென்ட் கமிஷன் பெரும்பாலும் 5 சதவீதம், இன்னொரு 2,100. மின்சாரம், தண்ணீர் தரும் அரசு நிறுவனமான தேவாவுக்கு டெபாசிட் 2,000. எஜாரிக்கு, அதாவது வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வதற்கு, சுமார் 200. மொத்தம் 16,900, நம் பணத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம். இதற்குப் பிறகு வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாகப் பன்னிரண்டாகப் பிரிந்து தேவா பில்லில் வரும், மாதம் 175. ஏசி செலவு ஓனரா, நீங்களா என்று கேளுங்கள். "சில்லர் ஃப்ரீ" என்றால் ஓனர் கட்டுகிறார். இல்லையென்றால் கோடை மாதங்களில் அந்த பில் தனியாக வந்து நிற்கும். செக்கின் எண்ணிக்கை கூடக் கூட வாடகையும் கூடும், அதனால் இரண்டையும் சேர்த்தே பேரம் பேசுங்கள்.

தனியாக இருக்கும் மூன்று மாதத்துக்கு பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த அறையில் ஒரு கட்டில் மட்டும்) எடுப்பீர்கள். பார்ட்டிஷன் வேண்டாம். ஹாலின் நடுவே ஜிப்சம் பலகை நிறுத்தி, ஜன்னல் இல்லாத நான்கைந்து அறைகளாக்கி, எல்லாருக்கும் ஒரே பாத்ரூம். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டிருக்கும். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், பர்ஷா, சத்வா, ரஃபா பகுதிகளில் துபாய் மாநகராட்சி இவற்றின் மீது கடும் நடவடிக்கை எடுத்தது இதனால்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் இரவு பெட்டியோடு தெருவில் நிற்க நேரிடலாம்.

குடும்பத்துக்கு வீடு எடுக்கும்போது எஜாரி உங்கள் பெயரில் இருக்க வேண்டும். குடும்ப விசாவுக்கு அதைக் கேட்பார்கள். ஓனரின் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏஜென்டின் உரிம எண்ணை துபாய் நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் ஆப்பில் சரிபாருங்கள். வாடகை செக்கை ஓனர் பெயருக்கு மட்டும் எழுதுங்கள்.

மகளின் பள்ளியை இப்போதே விசாரியுங்கள். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பல குசைஸ், ஊத் மேத்தா பக்கம் இருக்கின்றன. உங்கள் பகுதிக்குப் பள்ளி பஸ் வருமா, எத்தனை மணிக்கு ஏற்றும் என்று பள்ளியிலேயே கேளுங்கள். அவர்களுக்கு ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். உங்கள் குடும்பம் வரும் மாதம் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டின் தேதியைத் தீர்மானியுங்கள்.

ஒப்பந்தத்தில் இடையில் காலி செய்வது பற்றிய விதியை எழுதி வாங்குங்கள். இரண்டு மாத வாடகை அபராதம் என்று போடுவது வழக்கம். எதுவுமே எழுதாவிட்டால், ஆறாம் மாதம் வேலை மாறினாலும் மீதி செக்குகள் ஓனரின் மேசை டிராயரில்தான் இருக்கும்.

அன்புடன்.