அப்பாவின் பீட்டில் காரைத் தம்பி மாற்றியமைக்கலாமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் அம்மாவுடன் வசிக்கிறேன். அப்பா 2022-இல் காலமானார். உயில் எழுதவில்லை. வீடு முன்பே அம்மா பெயருக்கு மாறிவிட்டது. மிச்சம் வங்கியில் சிறிது பணமும் 1963-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரும்தான். சர்வீஸ் செய்து தருவதாகச் சொல்லி, டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் தம்பி அம்மாவிடம் கேட்டு வண்டியை எடுத்துப்போனான். போய்ப் பார்த்தால் பழைய எஞ்சினைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, எங்கோ வாங்கிய 1600 சிசி எஞ்சினைப் பொருத்தியிருக்கிறான். அடுத்து வண்டியைத் தாழ்த்திக் கூரையை வெட்டப்போகிறானாம். “ஓடாத வண்டி எதற்கு? அப்பா இருந்தால் ஓட்டத்தான் சொல்லியிருப்பார்” என்கிறான். அப்பா ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் வைத்திருந்த வண்டி இது. இதை அப்படியே காப்பாற்றச் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: சகோதரி, பழைய வண்டியைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும் என்று உரிமையாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. சாலையில் ஓட்டத் தகுதியுடன் இருக்கிறதா, பதிவேட்டில் உள்ள விவரமும் வண்டியும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் அரசு பார்க்கும். வண்டி யாருடையதோ அவர் முடிவு செய்துகொள்ளலாம். அப்படியானால் இது யாருடைய வண்டி? உங்கள் கடிதத்தைப் படித்த வரையில், இது உங்களுடையதும் இல்லை, உங்கள் தம்பியுடையதும் இல்லை.

உயிலில்லாமல் ஒருவர் இறந்தால் 1987-ஆம் ஆண்டின் 81-ஆம் எண் வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், பிள்ளைக்குரிய பங்கு அல்லது 250,000 ராண்ட், இவற்றில் எது அதிகமோ அது மனைவிக்குச் சேரும். அதற்கு மேல் மிஞ்சினால்தான் பிள்ளைகளுக்கு. வங்கிப் பணமும் காரும் சேர்ந்து 250,000 ராண்டைத் தாண்டாவிட்டால் எல்லாமே அம்மாவுக்குத்தான். பீட்டிலின் மதிப்பை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பெற்றோர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றால் கலங்க வேண்டாம். அந்தத் தலைமுறையில் நம் வீடுகளில் அது சாதாரணம். அப்படி மணந்த எத்தனையோ பெண்களைச் சட்டம் மனைவியாக ஏற்காமல் பல காலம் தள்ளி வைத்திருந்தது. அந்த அநியாயம் 2008-இல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது: ஒருதார இந்துத் திருமணத்தில் வாழ்ந்து கணவரை இழந்தவரும் இந்த வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவியே என்று தீர்ப்பானது. திருமணப் புகைப்படம், பத்திரிகை, நடத்திவைத்த குருக்கள் அல்லது கூட இருந்த உறவினரின் சத்தியக் கடிதம் ஆகியவற்றை இப்போதே திரட்டி வையுங்கள்.

அம்மாவுக்கு உரிமை உண்டு என்பது ஒன்று, அது கைக்கு வருவது வேறு. வாரிசுக்கு இருப்பது சொத்தைக் கேட்டுப் பெறும் உரிமைதான். முறைப்படி ஒப்படைக்கப்படும் வரை பொருள் அவருடையதாகிவிடாது. இறந்தவரின் பொருள் யார் கையில் இருக்கிறதோ, இறந்தவர்களின் சொத்துகளைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் ஒருவரை நியமிக்கும் வரை அவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டம் சொல்கிறது. ஆக, உங்கள் தம்பி இன்று அந்த வண்டியின் காவலர் மட்டுமே. கூரையில் வெட்டு வைக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. சாவுச் செய்தியை 14 நாட்களுக்குள் மாஸ்டருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தாமதமானாலும் வாங்கிக்கொள்வார்கள். டர்பன் மாஸ்டர் அலுவலகத்தில் மரண அறிவிப்பு, சொத்துப் பட்டியல், நெருங்கிய உறவினர் சத்தியக் கடிதம் ஆகியவற்றைக் கொடுங்கள். சொத்து 250,000 ராண்டுக்குள் இருந்தால் நிர்வாகி நியமனம் போன்ற நீண்ட வழி வேண்டியதில்லை. சொத்தைக் கையாள அம்மா பெயரிலேயே அதிகாரக் கடிதம் தருவார்கள்.

கூரையைவிட எனக்குக் கவலை தருவது அந்த 1600 எஞ்சின். ‘எங்கோ வாங்கிய’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருக்கிறதா? திருட்டுப் பொருள் என்று சந்தேகப்படும்படியான ஒன்று கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று திருப்தியாகச் சொல்ல முடியாவிட்டால், 1955-ஆம் ஆண்டின் 62-ஆம் எண் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி அது குற்றம். திருட்டுக்கு உரிய தண்டனையையே விதிக்கலாம். எஞ்சின் மாறினால் காவல்துறையின் தடையின்மைச் சான்று பெற்று, புதிய எஞ்சின் எண்ணை வாகனப் பதிவகத்தில் ஏற்ற வேண்டும். இவ்விரண்டும் ஆகும் வரை வண்டி தெருவுக்கு வரக்கூடாது.

இதை நேரில் சரிபார்ப்பது சுலபம். பின் மூடியைத் திறந்தால், டைனமோவைத் தாங்கும் தூணுக்கு அடியில் எஞ்சின் உடலில் எண் பொறித்திருக்கும். சேஸி எண் பின் இருக்கையைத் தூக்கினால் தரையின் நடுவே முதுகெலும்புபோல் நீளும் தண்டின் மேல் தெரியும். இரண்டையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் புகைப்படம் எடுங்கள். மூலையில் கிடக்கும் அப்பாவின் எஞ்சினையும் தவறாமல் எடுங்கள். அதன் எண் சான்றிதழோடு ஒத்துப்போனால், வண்டியின் மதிப்பில் பெரும்பகுதி அந்த மூலையில்தான் இருக்கிறது. மெருகேற்றுகிறேன் என்று யாரும் எண்ணின்மீது அரத்தையோ மணல் தாளையோ வைக்க விடாதீர்கள். எண் சிதைக்கப்பட்ட வண்டியைச் சட்டபூர்வமான காரணமின்றி வைத்திருப்பதே தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 68-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

தம்பி பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் ரப்பர் காயும், பெட்ரோல் குழாய் விரிசல் விடும், பிரேக் இறுகும். ஆனால் ஓட்டுவதற்காக மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே 1913 முதல் 1936 வரை நடந்த மோட்டார்சைக்கிள் பந்தயத்தின் நினைவாக இன்றும் ஓர் ஓட்டம் நடக்கிறது. 1936 வரை தயாரான மோட்டார்சைக்கிள்களுக்கு மட்டும்தான் அதில் இடம். அந்த வயதுடைய இயந்திரங்களே நெடுஞ்சாலை ஏறும்போது, 1963 பீட்டிலால் சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் போய்வர முடியாதா?

எந்த மாற்றத்தையும் ஏற்காதவன் இல்லை நான். அந்த ஆண்டு பீட்டிலுக்கு ஆறு வோல்ட் மின்சாரம். இரவில் முகப்பு விளக்கு மங்கலாகத்தான் எரியும். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றுவதையும் இருக்கைப் பட்டை பொருத்துவதையும் வரவேற்பேன். நாளை வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். பெரிய எஞ்சினின் சிக்கல் வேறு. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கும் ஊசல் அச்சு, 1192 சிசி எஞ்சினுக்கென்று அமைந்த உடல் இது. வேகத்தை மட்டும் கூட்டி பிரேக்கை அப்படியே விடுவது ஆபத்து. விபத்து நடந்தால் அலட்சியத்துக்கு அதுவே சாட்சியாக நிற்கும். வெட்டிய கூரையைத் திரும்பப் பெறவும் முடியாது. சர்வதேசப் பழம்வாகனக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது: தவிர்க்க முடியாத மாற்றத்தைக் குறைந்த அளவில், திருப்பி எடுக்கக்கூடியதாகச் செய்யுங்கள், கழற்றிய பாகங்களைப் பாதுகாத்து வையுங்கள். அது சட்டமில்லை. இருந்தாலும் தம்பியுடன் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டுக்கு அதைவிட நல்ல அடிப்படை எனக்குத் தெரியவில்லை.

காப்பீடு இருந்தால், எஞ்சின் மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ஆபத்தின் அளவை மாற்றும் விஷயத்தை மறைத்தால் இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி கிடைக்கும். இங்கே சாலை விபத்து நிதி உடற்காயத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். நசுங்கிய அடுத்தவர் வண்டிக்குத் தவறு செய்தவர்தான் பணம் கட்ட வேண்டும்.

நீதிமன்றம் இப்போது வேண்டாம். அம்மா பெயரில் தம்பிக்கு ஒரு கடிதம் போகட்டும்: வேலையை நிறுத்து, கழற்றியது எதையும் விற்காதே, 1600 எஞ்சினின் ரசீதைக் கொண்டுவா. அதிகாரக் கடிதம் வந்ததும், வண்டியை யார் வைத்திருப்பது, எப்படி வைத்திருப்பது என்று அம்மா சொல்வார். தம்பிக்கே கொடுக்கிறேன் என்று அவர் சொன்னால், மனம் வலித்தாலும் நீங்கள் ஏற்கத்தான் வேண்டும்.

அந்த முடிவை அம்மா உயிலாகவும் எழுதிவிட வேண்டும். எழுதாமல் போனால் அம்மாவின் காலத்துக்குப் பின் வண்டி உங்கள் இருவருக்கும் பொதுவாகும். பொதுப் பொருளை ஒருவர் சம்மதமின்றி மற்றவர் மாற்றக்கூடாது, தடையுத்தரவு வாங்கலாம். ஆனால் பிரித்துத் தரச் சொல்லி யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். காரைப் பிரிக்க முடியாது, எனவே விற்றுப் பணத்தைப் பங்கிடும் நிலை வந்துவிடும். உயிலில் ஒவ்வொரு பக்கத்திலும் அம்மா கையெழுத்திட வேண்டும். 14 வயது நிறைந்த இருவர் உடனிருந்து சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். நீங்களோ தம்பியோ உங்கள் துணைவர்களோ சாட்சியாக நிற்காதீர்கள். அம்மா சொல்லச் சொல்ல உங்கள் கையால் எழுதியும் தராதீர்கள், எழுதிக் கொடுத்தவரும் அந்த உயிலால் பயன்பெறும் தகுதியை இழக்க நேரிடும்.